மாண்புமிகு பூட்டு அவர்களின் சமூகத்துக்கு

அனுப்புநர்
வெளியே நிற்பவன்,
நடைபாதை,
சென்னை.

பெறுநர்
மாண்புமிகு பூட்டு அவர்கள்,
பழங்கட்டட வாசல்கள் அனைத்தும்,
சென்னை மாநகரம்.

பொருள்: பழங்கட்டடங்கள் – உட்புறம் – பொதுமக்கள் ஒருமுறையேனும் கண்ணால் காண அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: கதவிடுக்கு வழியாகக் கிடைத்தது மட்டும்.

ஐயா,

இந்த மனுவை யாருக்கு எழுதுவது என்று கண்டுபிடிப்பதற்குள்ளேயே செருப்பு தேய்ந்துவிட்டது. ஓர் அலுவலகத்தில், "கட்டடம் எங்களுதுதான், ஆனா மெயின்டெனன்ஸ் அவங்க" என்றார்கள். அவர்களிடம் போனேன். "மெயின்டெனன்ஸ் நாங்கதான், ஆனா யாரை உள்ளே விடறதுங்கறது எங்க கையில இல்ல" என்றார்கள். யார் கையில் இருக்கிறதோ அவர் மீட்டிங்கில் இருந்தார். சாவி யாரிடம் என்று கேட்டதற்கு எல்லா மேஜையிலும் ஒரே பதில்: "பூட்டியிருக்கு சார்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள். அமைச்சர்களுக்கு இலாகா மாறும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆட்சியே மாறும். பணி ஓய்வும் இல்லாமல், இடமாற்றமும் இல்லாமல், ஒரே நாற்காலியில் தொங்கிக்கொண்டிருப்பவர் தாங்கள் ஒருவர்தான். உண்மையான அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கேயே மனுவைக் கொடுப்பதுதானே முறை!

தங்கள் குலப்பெருமையை நான் அறியாதவன் அல்ல. திண்டுக்கல் பரம்பரை. மாங்காய்ப் பூட்டு தங்கள் பெரியப்பா முறை. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. தாங்கள் காவல் காக்கும் கட்டடங்களில் பலவற்றுக்கு அப்படி ஒரு காகிதம் கிடைக்க இன்னும் பிராப்தம் வரவில்லை. சென்னையில் இப்போது சட்டபூர்வமாகத் தன் அடையாளத்தை நிரூபித்துவிட்ட பாரம்பரியச் சின்னம், கதவில் தொங்கும் தாங்கள்தான். கதவுக்குப் பின்னால் இருப்பது இன்னும் வரிசையில் நிற்கிறது.

இந்த ஊரில் பழமையை ரசிக்கும் முறை தங்களுக்குத் தெரியும். ஆகஸ்ட் 22 வந்தால் போதும், 1639-இல் பிறந்த மதராசப்பட்டினத்துக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறோம். விடிகாலையில் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஹெரிடேஜ் வாக் கிளம்புகிறோம். கூட்டிப்போகிறவர் நடைபாதையில் நின்று கையை நீட்டி, "அதோ அந்த மூணாவது ஜன்னலுக்குப் பின்னாலதான் தர்பார் ஹால்" என்கிறார். நாங்கள் இருபது பேரும் ஜன்னலைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறோம். ஜன்னலில் ஓர் ஏசி மெஷின் எங்களைப் பார்த்துத் தண்ணீர் சொட்டுகிறது. பிறகு அடுத்த கட்டடத்தின் நடைபாதைக்குப் போகிறோம். வாசல் வாழைமரத்தைப் பார்த்துவிட்டுப் பந்தியில் உட்காராமலே திரும்பும் கல்யாண விருந்தாளிகள் நாங்கள்.

இந்த வாசலோடு திருப்தி அடையும் பழக்கத்துக்கு ஆவணமும் இருக்கிறது. சென்னையின் பாரம்பரியக் கட்டடங்கள் என்று இன்றும் மேற்கோள் காட்டப்படும் 467 கட்டடங்களின் பட்டியலை நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்தது. எதற்காகத் தயாரித்தது? விளம்பரப் பலகைகளைப் பற்றிய வழக்கில், எந்தெந்தக் கட்டடங்களைப் பலகை வைத்து மறைக்கக் கூடாது என்று கண்டறிவதற்காக. அதாவது, தெருவில் போகிறவன் கண்ணுக்குத் தெரிய வேண்டிய முகங்களின் பட்டியல் அது. பின்னால் 2010-இல், அண்ணா சாலை பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்தப் பட்டியல் நன்றாகவே கைகொடுத்தது. 2012-இல் பாரம்பரிய ஆணையத்துக்கென்று சட்டமும் வந்தது. முகத்தைக் காப்பாற்றும் வழியை ஒருவாறு கண்டுபிடித்துவிட்டோம். முகத்துக்குப் பின்னால் ஓர் உடம்பு உண்டு என்பதுதான் நினைவுக்கு வரவில்லை.

உள்ளே போனால் அப்படி என்ன தெரிந்துவிடப் போகிறது என்று தாங்கள் கேட்கலாம். தங்கள் பிடி தளர்ந்த இடங்கள் ஒன்றிரண்டு ஊரில் உண்டு. அங்கே வைத்தே சொல்கிறேன்.

கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680-இல் கட்டி முடிக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைக் கோபுரம் வைத்த சாதுவான மாதாகோயில். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால்தான் கட்டியவனின் நடுக்கம் தெரியும். கூரையில் மரமே கிடையாது. நீளவாட்டில் மூன்று செங்கல் வளைவுகள், இரண்டடிக் கனத்தில். பீரங்கிக் குண்டு வந்து விழுந்தாலும் தாங்க வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது என்ற கணக்கு. ஜெபம் பண்ணக் கட்டிய இடத்தையே பதுங்கு குழியாகவும் கட்டியிருக்கிறான். கோட்டைக்குள் வாழ்ந்த வெள்ளைக்காரனுக்குத் தூக்கம் எப்படி வந்திருக்கும் என்று எந்தச் சரித்திரப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. வெளியே வந்தால் காலடியில் கல்லறைக் கற்கள் பாவியிருக்கின்றன. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை பழைய இடுகாட்டுச் சமாதிகளுக்குப் பின்னால் மறைந்து சுட்டது. முற்றுகை முடிந்ததும், இனி எவனும் மறையக் கூடாது என்று கற்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே தரையில் பதித்துவிட்டார்கள். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தவனுக்குக் கிடைக்கும் கதை இது.

கடற்கரை ஐஸ் ஹவுஸ் இன்னொன்று. 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஏரி ஐஸைப் போட்டுவைக்கக் கட்டிய கிடங்கு. வியாபாரம் படுத்ததும் கை மாறியது. 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு யாரும் உள்ளே போகலாம். ஸ்கூல் பிள்ளைகள் வரிசை வரிசையாகப் போய் வருகிறார்கள். கட்டடம் இடிந்து விழவில்லை. ஐயாவின் கவனத்துக்கு இதைத் தனியாகக் கோடிட்டு வைக்கிறேன்.

இனி தங்கள் நேரடி ஆட்சிப் பகுதிக்கு வருவோம்.

மெரினாவைப் பார்த்து நிற்கும் செனட் ஹவுஸ், சிஷோம் என்ற கட்டடக் கலைஞர் போட்டியில் ஜெயித்துக் கட்டியது. 1879-இல் முடிந்தது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்கு நடுவே பெரிய மண்டபம். 1937-இல் ராஜாஜி ஆட்சிக்கு வந்தபோது சென்னை மாகாண சட்டமன்றம் கூடியது இந்த மண்டபத்தில்தான். பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டை ஒட்டிச் செலவழித்துப் புதுப்பித்தார்கள். விழா முடிந்தது. பழையபடி மணிக்கூண்டு போன்ற அந்த நாலு மூலைக் கோபுரங்களும் பஸ்ஸில் போகிறவர்களுக்கு, உள்ளே இருப்பது தங்களுக்கு.

எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் ஹென்றி இர்வின் வரைந்த சிவப்புக்கல் கட்டடம், 1909-இல் திறந்தது. பிற்காலத்தில் தேசிய ஓவியக் கூடமாக ரவிவர்மா ஓவியங்களை வைத்திருந்தது. 2002-இல், பாதுகாப்பு இல்லை என்று மூடினார்கள். அந்த ஆண்டு பிறந்த குழந்தைகள் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, வேலைக்கும் போய்விட்டார்கள். வாசலில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டே வளர்ந்த தலைமுறை அது.

ராஜாஜி மண்டபத்தின் கதை சொல்லவே தயக்கமாக இருக்கிறது. திப்புவை வென்ற களிப்பில் கும்பினியார் விருந்து சாப்பிடக் கட்டியது. 1802-இல் திறந்தார்கள். வரைந்தவர் ஜான் கோல்டிங்ஹாம், தொழில் வானநூல். இந்த மண்டபத்தின் படிக்கட்டைத் தமிழ்நாட்டில் டிவி வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். 1987-இல் எம்.ஜி.ஆர்., 2016-இல் ஜெயலலிதா, 2018-இல் கருணாநிதி. சாதாரணக் குடிமகன் ஒரு கட்டடத்தின் படிவரை போவதற்கே முதல்வராக இருந்த ஒருவர் காலமாக வேண்டும் என்பது சற்றுக் கடுமையான நிபந்தனை என்று தாழ்மையுடன் கருதுகிறேன்.

பெயர் சொல்ல விரும்பாத வேறொரு கட்டடத்தில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தரிசனம் கிடைத்தது. இரட்டைக் கதவு. தாங்கள் கனமாகத் தொங்கியதில் நடுவே இரண்டு விரல் இடைவெளி விழுந்திருந்தது. கண்ணை வைத்தேன். முதலில் தெரிந்தது ஒரு ஸ்டீல் பீரோவின் முதுகு. அதன்மேல் சிவப்பு நாடா கட்டிய ஃபைல் மூட்டைகள். பீரோவுக்கு மேலே, அது மறைக்க மறந்த ஒரு சாண் உயரத்துக்கு, வண்ணக் கண்ணாடி. வெயில் அதன் வழியாக வந்து ஃபைல் மூட்டையில் பச்சையும் கருஞ்சிவப்புமாக விழுந்திருந்தது. சுவரில் பழைய சுண்ணாம்புப் பூச்சு. முட்டை வெள்ளையும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து அரைத்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. இத்தனை தூசிக்குள்ளும் பளபளத்தது. அதில் ஒரு சுவிட்ச் போர்டுக்காக வெட்டிய பள்ளத்தைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். சிமெண்டைச் சுற்றி ஒரு முழத்துக்குச் சுண்ணாம்பு உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"சார், பாக்கக் கூடாது சார்" என்றார் வாட்ச்மேன்.

"உள்ளே எதுவும் இல்லையேங்க."

"இல்லாததத்தான் சார் பாக்கக் கூடாது."

தங்கள் துறையின் தத்துவத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது. ஆனாலும் மனிதர் நல்லவர். டீ வாங்கிக் கொடுத்ததும் பேசினார். ஐப்பசி மழையில் எந்த மூலை ஒழுகும், எந்தப் படி ஆடும், எந்த உத்தரத்தில் வௌவால் தொங்கும், மாடித் தண்ணீர்க்குழாயில் அரசங்கன்று எப்போது முளைத்தது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். "அந்த மூலையில சொட்டும் சார், நான் ஒரு பக்கெட் வெச்சிருவேன்" என்றார். அந்தக் கட்டடத்தில் நடைமுறையில் இருக்கும் பாதுகாப்புத் திட்டம் மொத்தமும் அந்த பக்கெட்தான். பக்கெட்டும் அவர் வீட்டுடையது.

தங்கள் தரப்பு நியாயத்தை நான் மறுக்கவில்லை. திறந்துவிட்டால் சுவரில் அம்பு துளைத்த இதயம் வரைவான், பெயரைக் கிறுக்குவான், பான்பராக் துப்புவான் என்பீர்கள். உண்மை. மதுரை திருமலை நாயக்கர் மகாலில் தூணைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அப்படிக் கிறுக்குகிற கை என் ஊர்க்காரன் கைதான், வெட்கப்படுகிறேன். ஆனால் ஒரு கணக்குப் போடுங்கள். ஆணியால் பெயர் எழுதியவன் வெளியிலிருந்து வந்தான். தேக்கு மச்சின் கீழே தெர்மகோல் சீலிங் அடித்தவன், மண்டபத்தைப் பிளைவுட் வைத்து ஏழு கேபினாகப் பிரித்தவன், ஏசி பைப்புக்காக வளைவைக் குடைந்தவன், சுண்ணாம்புச் சுவருக்கு டிஸ்டெம்பர் அடித்தவன், இவர்கள் எல்லாரும் அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தாங்கள் சல்யூட் அடித்துத் திறந்துவிட்ட வழியாகத்தானே வந்தார்கள்?

இன்னொன்று. பூட்டினால் பத்திரம் என்று தாங்கள் நம்புவது இரும்புக்குச் சரி. மெட்ராஸ் டெர்ரஸுக்குச் சரியில்லை. அந்த மாடியை எப்படிப் போட்டார்கள் என்று யோசியுங்கள். தேக்கு உத்தரம், அதன்மேல் சட்டங்கள், அதன்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் மூலைவாகாக வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கு, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கருப்பட்டித் தண்ணீரும் கடுக்காய்த் தண்ணீரும் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டிக் கெட்டித்தார்கள். கடைசியில் தட்டோடு. அந்தத் தளம் தலைமுறை தலைமுறையாக நிற்கும், மழைக்குப் பிறகு மாடிக்குப் போய்த் தண்ணீர்க்குழாயில் அடைத்த இலையை எடுக்க ஓர் ஆள் இருந்தால். ஆள் இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கும். தேங்கியது சுவரில் இறங்கும். சுவருக்குள் செருகிய உத்தரத்தின் நுனி ஈரத்தில் ஊறும். ஜன்னல் திறக்காத அறையில் அது காயவே காயாது. பிறகு கரையான் வரும். வெளியே தெரியும் உத்தரம் ராஜா மாதிரி இருக்கும். சுவருக்குள் இருக்கும் நுனி மாவாகியிருக்கும். ஒரு நாள் தளம் இறங்கும். உடனே, "பார்த்தீர்களா, இதனால்தான் யாரையும் விடவில்லை" என்று தாங்கள் இன்னும் இரண்டு சுற்றுச் சங்கிலி போட்டுக்கொள்வீர்கள். நோயை உண்டாக்கியவரே மருத்துவச் சான்றிதழும் கொடுக்கும் ஏற்பாடு இது.

சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால், 1768-இல் ஆற்காடு நவாப் குடியேறிய மாளிகையின் ஒரு பாதி. அலுவலகங்கள் இயங்கிக்கொண்டிருந்தன. 2012 ஜனவரியில் தீப்பிடித்தது. அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். தீ எந்த அலுவலகத்திலும் முன்னனுமதி வாங்கவில்லை. இந்த ஊர்க்காரர்களில் பலர் அந்த நவாப் மாளிகையின் உட்புறத்தை முதன்முதலாகப் பார்த்தது மறுநாள் செய்தித்தாளில், கருகிய படமாக. பிறகு அதை நன்றாகவே செப்பனிட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மண்டபத்தில் என்ன இருந்தது என்று எரிந்த பிறகு தெரிந்துகொள்வது ஒரு நகரத்துக்கு அழகா?

ஆக, தாங்கள் யாரிடமிருந்து யாரைக் காக்கிறீர்கள் என்ற கேள்வி எழுகிறது. மழை உள்ளே போகிறது. கரையான் போகிறது. தீ போகிறது. சினிமா ஷூட்டிங் போகிறது. ஜெனரேட்டரும் லைட்டும் ஏற்றிக்கொண்டு, நாயகியின் அப்பா மாளிகை என்று சொல்லிக்கொண்டு போகிறது. போக முடியாதது பார்த்துவிட்டு வந்து நாலு பேரிடம் சொல்லக்கூடிய கண் ஒன்றுதான். தாங்கள் காப்பது கட்டடத்தை அல்ல ஐயா. கட்டடத்தை அந்த நிலைக்கு விட்டவர்களை.

திறந்தால் குடி முழுகிவிடாது என்பதற்கு உள்ளூர்ச் சாட்சியே இருக்கிறது. 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு மெரினா கலங்கரை விளக்கத்தில் பொதுமக்கள் ஏறத் தடை வந்தது. 2013-இல் தடையை எடுத்தார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி ஏறினார்கள், கடலைப் பார்த்தார்கள், இறங்கி வந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டார்கள். பிரான்ஸில் 1984 முதல் ஆண்டுக்கொரு முறை பழங்கட்டடங்களைத் திறந்துவிடுகிறார்கள். அந்த நாளில் குடியரசுத் தலைவர் மாளிகைக்குள்ளேயே ஜனங்கள் போகிறார்கள். லண்டனில் 1992 முதல் இதே வழக்கம். அவ்வளவு தூரம் ஏன், டெல்லியில் ராஷ்டிரபதி பவனை முன்பதிவு செய்துகொண்டு சுற்றிப் பார்க்கலாம். நாட்டின் முதல் குடிமகன் வீட்டுக்குள் விடுகிறார். ஒரு பழைய ரெக்கார்டு ரூமுக்குள் விடத் தாங்கள் யோசிக்கிறீர்கள்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கனிவுடன் பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன்.

1. ஆகஸ்டில் ஊருக்குப் பிறந்தநாள் வரும் வாரத்தில் ஒரே ஒரு ஞாயிறு தாங்கள் விடுப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். ஈட்டிய விடுப்பு தங்கள் கணக்கில் ஏராளமாகச் சேர்ந்திருக்கும்.

2. இருபது இருபது பேராக விடுங்கள். செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுகிறோம், பையை வெளியே வைக்கச் சொன்னால் வைக்கிறோம். கோயிலுக்குப் போய்ப் பழகிய ஜனங்கள்.

3. நிஜமாகவே ஆபத்தான அறை என்றால் விட வேண்டாம். ஆனால் வாசலில் ஒரு போர்டு வையுங்கள்: என்ன பழுது, யார் பொறுப்பு, எந்தத் தேதியில் திறக்கும். "உள்ளே வரக் கூடாது" என்பது உத்தரவு, காரணம் ஆகாது.

4. படப்பிடிப்புக்குத் திறந்த இடத்தை அடுத்த நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் திறக்க வேண்டும். செட் சாமான்களை எடுத்த பிறகு போதும்.

5. மாதம் ஒருமுறை ஜன்னல்கள், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மாடிக் கதவு. இதற்கு டெண்டர் தேவையில்லை, கை போதும்.

6. வாட்ச்மேனையே வழிகாட்டியாக நியமித்துச் சம்பளத்தைக் கூட்டுங்கள். கட்டடத்தைப் பற்றி நாங்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அவருக்குத்தான் பதில் தெரியும். பக்கெட்டுக்கான தொகையையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த மனுவின் மீது முப்பது நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்கப்படும் என்று எனக்கு ஒப்புகைச் சீட்டு வரும் என எதிர்பார்க்கிறேன். நடவடிக்கையை எதிர்பார்க்கும் அளவுக்கு நான் வெளியூர்க்காரன் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வெளியே நிற்பவன்.

நகல்:
1. கரையான்கள், உத்தரப் பிரிவு.
2. புறாக்கள், மாடிப் பிரிவு.
3. அரசங்கன்று, தண்ணீர்க்குழாய்.

நகல் பெறுநர்கள் மூவரும் ஏற்கெனவே உள்ளே முழுநேரப் பணியில் இருப்பதால், மனுவைக் கதவிடுக்கில் செருகிவிட்டேன். தபால் தலை ஒட்டவில்லை.